பின் வலது இருக்கை

லிஃப்டில் பேய் இருக்கிறது என்று லிஃப்ட் பழுதுபார்க்கிற அவருக்கு முப்பத்தோரு வருடங்களில் வந்த புகார்கள் நாற்பத்துமூன்று. அத்தனைக்கும் காரணம் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். யாரும் கூப்பிடாமலே ஏழாம் மாடிக்குப் போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற லிஃப்டில், பித்தானுக்குப் பின்னால் எறும்புகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. செத்துப்போன மாமனார் இருமுகிறார் என்று ஒரு மருமகள் வெளிறிப்போய்ச் சொன்ன சத்தம், தேய்ந்துபோன பிரேக் லைனிங்கிலிருந்து வந்தது. குடியிருப்புக்காரர்கள் அவருக்குக் காரணக்காரர் என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். மனுஷன் அதைப் பட்டம் வாங்கியது போலச் சுமந்துகொண்டு திரிந்தார்.

அவருடைய தொழிலில் ஒரு சிவப்பு வயர் உண்டு, முழ நீளம், இரண்டு முனையிலும் கவ்வி. கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் ஓடாது. சோதனைக்காக ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் அந்த வயரை மாட்டி, கதவு மூடியிருக்கிறது என்று லிஃப்டை ஏமாற்றலாம். வேலை முடிந்ததும் மறக்காமல் கழற்றிவிட வேண்டும். மறந்தால், திறந்த கதவோடு லிஃப்ட் கிளம்பும், உயிர் போய்விடும். ஒரு தடவை மாலையில் வயரை எண்ணிப் பார்த்ததில் ஒன்று குறைந்தது. லிஃப்டை நம்பாமல் இருபத்திரண்டு மாடியைக் காலால் ஏறிப்போய்க் கழற்றிக்கொண்டு வந்தார். சத்தத்தை அடக்குவது வேலையே இல்லை, சத்தத்துக்குக் காரணத்தைப் பிடிப்பதுதான் வேலை என்று தனக்குக் கீழே இருந்தவர்களின் காது புளிக்கும்வரை சொல்லுவார்.

இத்தனை மாடி ஏறி இறங்கியவர் குடியிருந்தது தரைத்தளத்தில். கூட்டாளிகள் அதையும் சொல்லிச் சிரித்தார்கள். மனைவி ஒரு மருந்துக்கடையில் இருபத்தாறு வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவள். எழுதிய டாக்டருக்கே புரியாத கையெழுத்தை அவள் படித்துவிடுவாள். ஒருநாள் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுக்க ஏணியில் ஏறியவள் பெட்டியோடு கீழே வந்தாள். முதுகெலும்பில் இரண்டு எலும்பு நொறுங்கிவிட்டது. அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது, ஆனால் இடது கால் மட்டும் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பயிற்சி கொடுக்கிற பெண்மணி ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: வாரத்துக்கு மூன்று நாள் விடாமல் வரவேண்டும், எட்டு மாதத்துக்குள் கால் திரும்பினால் உண்டு, அதற்கப்புறம் திரும்பாது.

பயிற்சி நிலையம் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அவரிடம் இருந்ததோ இரும்புக் கயிறும் எண்ணெய் டப்பாவும் ஏற்றுகிற வேன். முதல் நாள் அதில் கூட்டிப்போனபோது, ஒவ்வொரு குழிக்கும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அப்படித்தான் அந்தக் கார் வந்தது. பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற, பன்னிரண்டு வயதான ஹைப்ரிட் கார், அடர்ந்த சாம்பல் நிறம், தெருவில் நிறுத்தினால் இரண்டு வீட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். புதிதாக வந்த காலத்தில் அந்த விலைக்கு ஒரு வீடே வாங்கியிருக்கலாம். பின்பக்கத்து இடது இருக்கை ஒரு பித்தானை அழுத்தினால் கட்டில் போலச் சாயும், கால் வைக்க ஒரு பலகை மெல்ல எழுந்து வரும். விற்பனைக்காரர் வழக்கம்போல, டாக்டர் ஒருத்தர் ஓட்டிய வண்டி என்றார். பழைய காரெல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள், நோயாளிகளை எப்போது பார்த்தார்களோ தெரியவில்லை. அவள் அந்த இருக்கையில் படுத்துக் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து, "வலி இல்லீங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் தலையையே அடகு வைத்திருப்பார். ஊரில் உள்ள பேய்க்கெல்லாம் காரணம் கேட்ட மனுஷன், இந்த வண்டி ஏன் சின்னக் கார் விலைக்குக் கிடைக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

முதல் மூன்று வாரம் சொர்க்கம். வண்டி கிளம்பியதே தெரியாது. பிரேக் போட்டால் அந்த வேகம் மின்சாரமாகிப் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற விதம் அவருக்குப் புரிந்த விஷயம், பெரிய கட்டடங்களில் ஆட்களோடு கீழே இறங்குகிற லிஃப்டும் அதைத்தான் செய்கிறது. அவள் பாதி வழியில் தூங்கிப்போவாள். மூன்றாம் வாரக் கடைசியில் இடது குதிகாலைப் படுக்கையிலிருந்து ஒரு அங்குலம் தூக்கிக் காட்டினாள். அவர் அன்றைக்கு அந்த ஒரு அங்குலத்தைப் வந்தவர் போனவர் எல்லாரிடமும் விரலால் அளந்து காட்டினார்.

நாலாம் வாரம் திரும்பி வரும்போது அவள் சொன்னாள். "என்னங்க, பக்கத்துல யாரோ மூச்சு விடுறாங்க."

அவர் ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்து கேட்டார். இரண்டு இருக்கைக்கும் நடுவிலிருந்து இழுத்து இழுத்து ஒரு மூச்சு வந்தது. அவருக்குப் பயம் வரவில்லை. பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம்தான் வந்தது. நேராகப் பேட்டரிக்காரரிடம் போனார். டயர் கடைகளுக்கு நடுவே ஹைப்ரிட் கார் மட்டுமே பார்க்கிற ஆள் அவர், ஐம்பது வயது, மோதிரத்தைக் கழற்றிவைத்து முழங்கை வரைக்கும் ரப்பர் உறை மாட்டிக்கொள்ளாமல் வண்டியைத் தொடமாட்டார். பெரிய பேட்டரி பின்னிருக்கைக்குப் பின்னால் இருக்கிறது, அது சூடாகாமல் இருக்க ஒரு விசிறி காருக்குள்ளிருந்தே காற்றை உறிஞ்சும், அந்த விசிறி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று விளக்கினார். கழற்றிப் பார்த்தார்கள். விசிறி முழுக்க முடி சுற்றியிருந்தது. நீளமான வெள்ளை முடி. பேட்டரிக்காரர் இடுக்கியால் இழுக்க இழுக்க முழம் முழமாக வந்தது.

முடி அடைத்ததால் பேட்டரியில் இரண்டு செல்கள் வெந்துபோயிருந்தன. அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. விலையில்தான் அது பழைய கார், உதிரிப் பாகங்களைப் பொறுத்தவரை நேற்றுத்தான் தொழிற்சாலையிலிருந்து வந்த கார். அவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் காரணத்தை விளக்கினார். அவள் தன்னுடைய வெட்டப்பட்ட கருப்பு முடியைத் தடவிக்கொண்டே, அது யாருடைய முடி என்று கேட்டாள். எதனால் என்று கேட்டுப் பழகியவருக்கு யாருடையது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. மறுநாள் காரில் பத்து நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "இப்ப சிரமமில்லாம மூச்சு விடுறாங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. காலையில் பயிற்சிக்குப் போய்வந்து பூட்டிவிட்ட கார், மாலை நாலரை மணிக்குக் கொட்டகையில் ஆளில்லாமல் முனகும். சன்னலோரம் படுத்திருந்த அவளுக்குத்தான் அது கேட்கும். வண்டியோடு வந்த தடிப் புத்தகத்தைப் புரட்டிக் காரணத்தைப் பிடித்தார்: நிறுத்தி ஐந்து மணி நேரம் கழித்துப் பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. சரி என்றாள். ஒரு காலையில் பக்கத்து வீட்டு ஆசிரியர் நடை முடிந்து வந்தவர், "வண்டியில யாராவது உக்காந்திருக்காங்களா சார்? பின்னாடி ஒரு பக்கம் அமுங்கியிருக்கே" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போனார். போய்ப் பார்த்தால் வலதுபக்கம் பின்சக்கரத்தின் மேல் வண்டி உட்கார்ந்துபோயிருந்தது, கனமான ஒருவர் ஏறி அமர்ந்தால் எப்படியோ அப்படி. அதற்கும் காரணம் இருந்தது. இந்த வண்டிக்கு இரும்பு ஸ்பிரிங் கிடையாது, காற்றடைத்த பைகள்தான், வலதுபக்கப் பை வெடித்துக் கசிந்திருந்தது. பை ஜோடியாகத்தான் கிடைக்கும் என்றார்கள். பணம் கட்டினார். அவருடைய வேன் விற்ற பணம் அதோடு தீர்ந்தது. அவளைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டாயிற்று, வேனுக்கு இனி என்ன வேலை என்று விற்றிருந்தார்.

ஒவ்வொரு காரணத்தையும் அவள் ஒப்புக்கொண்டாள். அதுதான் அவருக்கு எரிச்சல். ஒப்புக்கொள்ளாமல் வாதாடினால் ஜெயித்துவிடலாம். தலையை ஆட்டிவிட்டு, காரில் ஏறியதும் வலதுபக்கத்து இருக்கையைப் பார்க்காமல் சன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறவளை என்ன செய்வது?

எட்டாம் வாரம் மேம்பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது டிங், டிங் என்று மணி அடித்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த பலகையில் சின்னதாக ஒரு மனித உருவம் சிவப்பாக எரிந்தது. பின் வலது இருக்கை, பெல்ட் போடவில்லை. அதாவது அவருக்கு நேர் பின்னால். பாலத்தை இறங்கி நிறுத்திப் பார்த்தார். இருக்கை காலி. ஒரு துண்டுக் காகிதம்கூட அதன் மேல் இல்லை. கிளம்பியதும் மறுபடி அடித்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தாள்.

இருக்கைக்கு அடியில் எடையைப் பார்க்கிற கருவி கெட்டிருக்கும் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டு பேட்டரிக்காரரிடம் போனார். பேட்டரிக்காரர் மடிக்கணினியில் வரைபடத்தை இரண்டு தடவை பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், இந்த வண்டியில பின்சீட்டுக்கு எடைக் கருவியே கிடையாது. ஆள் உக்காந்தா அதுக்குத் தெரியாது. ஒருத்தர் பெல்ட்டைப் போட்டுட்டு, ஓடுற வண்டியில கழட்டினா மட்டும்தான் இந்த மணி அடிக்கும்."

பெல்ட் செருகுகிற கொக்கிக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, அது தானாக விட்டு விட்டுப் பிடித்தாலும் இப்படி ஆகும் என்று சொல்லி ஆறுதல்படுத்தினார். புதுக் கொக்கி கடல் தாண்டி வர இரண்டு வாரமாயிற்று. மாட்டிய மூன்றாம் நாள் மணி அடித்தது. வயரை மாற்றினார்கள். அடித்தது. கடைசியில் இருக்கையையே பெயர்த்து வெளியே வைத்து, இரண்டு பேரும் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கெட்டுப்போனதாக ஒன்றுமே இல்லை என்பது எவ்வளவு பெரிய கெட்ட செய்தி என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பேட்டரிக்காரர் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார். காலி இருக்கைக்கும் பெல்ட்டை மாட்டியே வைத்துவிட்டால் மணி அடிக்காது, எத்தனையோ பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். காரணக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. சிவப்பு வயரை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போ என்று சொல்கிற பேச்சு அது. இருபத்திரண்டு மாடி ஏறிய கால் அதற்கு ஒப்புமா? இருக்கையைத் திரும்ப மாட்டச் சொல்லி, வண்டியை எடுத்தார். நல்ல வெயில், பகல் பன்னிரண்டு மணி, தெரு நிறைய ஜனம். பாதி வழியில் மணி அடித்தது. அவர் நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. திருப்பங்களில் மட்டும் வழக்கத்தைவிட மெதுவாகத் திருப்பினார். வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் அது புத்தியில் உறைத்தது. பின்னால் ஆள் இருக்கும்போது ஓட்டுகிற ஓட்டு அது.

அதற்குள் அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சண்டை போட்டுச் சொல்லவில்லை. காலையில் உடை மாற்றி, ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தவள், காரைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ஆசிரியரின் சின்னக் காரைக் கேட்டு வாங்கி ஒருநாள் கூட்டிப்போனார். அதில் சாய முடியாது. முதல் பத்து நிமிஷத்திலேயே வலியில் வாந்தியெடுத்தாள், பாதியில் திரும்பினார்கள். மூன்று வாரம் பயிற்சி விட்டுப்போயிற்று. பயிற்சிப் பெண்மணி தொலைபேசியில் கோபித்துக்கொண்டார். இன்னும் நாலு மாதம்தான் கணக்கு, அப்புறம் நீங்கள் தினமும் வந்தாலும் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். அன்று சாயங்காலம் குதிகாலைத் தூக்கிக் காட்டு என்று அவளிடம் கேட்டார். அவள் முயற்சி செய்தாள். பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க முயற்சி செய்தாள். குதிகால் படுக்கையை விட்டு எழவில்லை. விரலால் அளந்து காட்டிய அந்த ஒரு அங்குலம் போய்விட்டது.

வண்டியை விற்றுவிடலாம் என்றால், இந்தப் பேட்டரி வயதைக் கேட்டதும் வாங்க வந்தவர்கள் இரும்பு விலைக்குக் கேட்டார்கள். அந்தப் பணத்தில் சாய்கிற இருக்கையோடு இன்னொரு வண்டி கிடைக்காது. அவருக்கு வேறு வழியே தோன்றவில்லை. முப்பத்தோரு வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார்.

காலை எட்டு மணிக்கு வெளியே போய்விட்டு வந்தவர் மாதிரி வந்து, அவள் படுக்கையோரம் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கருப்புப் பொருளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் அளவு, இரண்டு பக்கமும் பித்தளை நாக்கு, ஒரு நாக்கு கருகியிருந்தது.

"கண்டுபிடிச்சாச்சு. இதுதான் கெட்டுப்போயிருந்துச்சு. புதுசு மாத்தியாச்சு, இனிமே அடிக்காது."

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைத் தேடுகிற மாதிரி. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்கு அதைப் பார்த்துச் செய்யத் தெரியாது. லிஃப்ட் கதவில் இருக்கிற அந்தச் சாமான்கள் அவர் வீட்டு மேசையிலும் சன்னல் விளிம்பிலும் முப்பது வருடமாகக் கிடந்தவை. தூசி தட்டும்போதெல்லாம் அவற்றை எடுத்து ஓரமாக வைத்தவள் அவள்தான்.

"இது உங்க லிஃப்ட் கதவுல இருக்கிறதுதானே?" என்றாள்.

அவர் அதைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். காது மடல் இரண்டும் சூடாகிவிட்டன.

"அப்ப உங்களுக்கும் தெரியல."

"தெரியல" என்றார். அந்த வார்த்தை வாயிலிருந்து வெளியே வர அவ்வளவு நேரம் எடுத்தது. "எல்லாத்தையும் பாத்துட்டேன். எதனாலன்னு எனக்குத் தெரியல."

கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். இத்தனை வாரமும் அவர் ஒவ்வொரு காரணமாகக் கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்க, அந்தக் காருக்குள் அவள் மட்டும் தனியாக அகப்பட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கும் தெரியவில்லை என்றதும் அந்தத் தனிமை விட்டுப்போனது. பயம் அப்படியேதான் இருந்தது, ஆனால் அதைச் சுமக்க இப்போது இரண்டு பேர் இருந்தார்கள்.

"ஊன்றுகோலை எடுங்க" என்றாள். "ஒம்பதரைக்கு அங்க இருக்கணும்."

அவளைத் தாங்கிக் கூட்டிவந்து இடதுபக்க இருக்கையில் படுக்கவைத்தார். கால்பலகை எழுந்து வந்தது. பெல்ட்டை மாட்டிவிட்டார். வண்டி ஓடத் தொடங்கும் முன்பே எங்கோ உள்ளே விசிறி சுழல ஆரம்பித்து, மெல்லிய மூச்சு கேட்டது. இதுவரை ஒருதடவைகூடச் செய்யாததை அவள் செய்தாள். கழுத்தைத் திருப்பி வலதுபக்கம் பார்த்தாள். பார்வையை அங்கேயே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தப் பக்கமும் பெல்ட்டைப் போட்டுவிட்டு வந்துடுங்க."

அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு வலதுபக்கம் போய்க் கதவைத் திறந்தார். காலி இருக்கையின் மேல் தோல் வெயிலில் மின்னியது. பெல்ட்டை இழுத்து, குறுக்கே கொண்டுபோய், தானே மாட்டிய புதுக் கொக்கியில் செருகினார். சொடக்கென்று பிடித்துக்கொண்டது. முகத்தில் படாதபடி மேல்பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினார். யார் முகத்தில் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு குனிந்து, பெரியவர்களிடம் பேசுகிற தணிந்த குரலில், "கையை உள்ள வச்சுக்குங்க, கதவைச் சாத்துறேன்" என்றார்.

பதிலுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் பொறுத்தார். அவள் இந்தப் பக்கம் படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தார். பாலத்தில் மணி அடிக்கவில்லை. ஒன்பதரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.